1969 கமாரோவில் நவீன பாகங்கள்: எதை வெட்டலாம், எதை விட்டுவைக்க வேண்டும்?

இரும்புச்சக்கரம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். 1969ஆம் ஆண்டின் செவர்லே கமாரோ கூப்பே ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறேன். ஒஹையோ மாநிலத்தின் நார்வுட் ஆலையில் தயாரான வண்டி இது. 307 கன அங்குல வி8 எஞ்சினும், முன்னோக்கி இரண்டே கியர்கள் கொண்ட பவர்கிளைடு ஆட்டோமேட்டிக்கும் அதில் இருக்கின்றன. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். முந்தைய உரிமையாளர்களில் யாரோ ஒருவர் பானெட்டிலும் டிக்கி மூடியிலும் இசட்/28 எனப்படும் அதிவேக கமாரோ வகையின் பட்டைகளைத் தீட்டி, அதற்குரிய சின்னங்களையும் ஒட்டியிருக்கிறார். நெடுந்தொலைவு ஓட்டக்கூடிய, மழையிலும் வெயிலிலும் நம்பி எடுத்துச் செல்லக்கூடிய காராக இதை மாற்ற விரும்புகிறேன். செவர்லேயின் நவீன 6.2 லிட்டர் எல்எஸ்3 வி8 எஞ்சின், ஆறு கியர் மேனுவல் பெட்டி, நான்கு டிஸ்க் பிரேக், புதிய முன் சஸ்பென்ஷன் ஆகியவை என் பட்டியலில் இருக்கின்றன. எஞ்சினை முதலில் வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். எந்த வரிசையில் வேலையைத் தொடங்குவது, வண்டியின் எந்தப் பகுதியில் கை வைக்காமல் இருப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய ஏடு

எஞ்சினுக்கு முன்னதாக எண்களைப் படியுங்கள். டாஷ்போர்டின் மேல் விண்ட்ஷீல்டு வழியாகத் தெரியும் வாகன அடையாள எண் 124379என் என்று தொடங்க வேண்டும். முதல் 1 செவர்லேயையும், 24 வி8 எஞ்சினுடன் பிறந்த கமாரோவையும், 37 கூப்பே உடலையும், 9 மாடல் ஆண்டையும், என் நார்வுட் ஆலையையும் குறிக்கும். அந்தக் காலத்து எண் ஆறு சிலிண்டரா, எட்டு சிலிண்டரா என்பதை மட்டுமே சொல்லும். எந்த வி8 என்று சொல்லாது. அதனால்தான் சாதாரணக் கார்களுக்குப் பட்டை தீட்டி இசட்/28 என்று விற்பது இத்தனை எளிதாக இருக்கிறது. உண்மையான இசட்/28 காரில் 302 கன அங்குல எஞ்சினும் நான்கு கியர் மேனுவல் பெட்டியும் இருந்தே தீரும். ஆகவே உங்கள் வண்டி ஆட்டோமேட்டிக்காகப் பிறந்தது என்று உறுதியானால், பட்டைகள் பின்னால் வந்தவை என்பதில் ஐயமில்லை.

எஞ்சின் பிளாக்கின் வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சிறிய மட்டமான தளம் இருக்கும். அதில் பொறித்த எண்ணின் கடைசி இலக்கங்கள் வாகன எண்ணோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கியர்பாக்ஸிலும் இதே போன்ற பொறிப்பு உண்டு. 1969இல் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட கமாரோக்கள் தயாராயின; அவற்றில் இசட்/28 ஏறத்தாழ 20,300 மட்டுமே. முழு அலுமினிய 427 எஞ்சின் பொருத்திய இசட்எல்1 வெறும் 69. உங்கள் கையில் இருப்பது 307 எஞ்சினோடு வந்த எளிய கூப்பே என்றால், அதை மாற்றி அமைப்பதால் வரலாற்றுக்கு எந்த இழப்பும் இல்லை என்பது என் கருத்து. ஆவணங்களோடு கூடிய 302 வண்டியாக இருந்திருந்தால் கூரான கருவி எதையும் அதன் அருகில் கொண்டு போகாதீர்கள் என்று சொல்லியிருப்பேன்.

தகரவேலை

அடுத்தது உடல். இந்தத் தலைமுறைக் கமாரோக்கள் எங்கே துருப்பிடிக்கும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்த ஒன்றுதான். விண்ட்ஷீல்டுக்கு முன்னால் காற்று உள்ளே நுழையும் கிராதிக்குக் கீழே ஓர் அறை இருக்கிறது. அதில் இலைச்சருகு சேர்ந்து, ஈரம் தங்கி, தகடு உள்ளிருந்தே அரித்துப்போகும். வெளியில் பெயின்ட் பளபளவென்று இருக்கும். கிராதியின் மேல் குழாயால் தண்ணீர் விட்டு, ஒருவரை உள்ளே உட்காரவைத்துக் கால்வைக்கும் இடத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். சொட்டினால் டாஷ்போர்டு, விண்ட்ஷீல்டு, ஃபெண்டர்கள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிய வேலை காத்திருக்கிறது. பின்கண்ணாடியின் கீழ்விளிம்பு, டிக்கியின் தரை, பின்சக்கர வளைவுகள், கதவுக்குக் கீழுள்ள ராக்கர் ஆகியவை அடுத்த இடங்கள். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பக்கவாட்டுத் தகடு முழுவதும் நகர்த்திப் பாருங்கள். அது பிடிக்காத இடத்தில் தகடு இல்லை, பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டிதான் இருக்கிறது.

டிங்கரிங் வேலைக்குக் கொடுக்கும்போது பெரிய மட்டமான தகடுகளை, குறிப்பாகக் கூரையையும் பானெட்டையும் கதவுகளையும், மணலால் அடித்துச் சுத்தம் செய்ய அனுமதிக்காதீர்கள். மணலின் அடியில் மெல்லிய தகடு விரிந்து அலையலையாக நெளிந்துவிடும். பிறகு அதை நேராக்க முடியாமல் பட்டியை அள்ளிப் பூசுவார்கள். அவற்றுக்கு ரசாயனமோ பிளாஸ்டிக் துகள்களோ போதும். வெறும் இரும்பு தெரிந்தவுடன் எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும்.

உடல் மிகவும் கெட்டிருந்தால் டைனாகார்ன் நிறுவனம் 1969 கமாரோவின் முழு உடற்கூட்டையும் புதிதாகச் செய்து விற்கிறது. ஆனால் பழைய வண்டியின் அடையாளத் தகட்டைப் பெயர்த்து அதில் பொருத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த எண்ணை அகற்றுவதும் மாற்றுவதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம். உங்கள் மாநிலத்தின் பதிவு அலுவலகத்தில் முதலில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

நெடுஞ்சாலை

தகரவேலை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: எஞ்சினைக் கடைசியாக வாங்குங்கள். பெட்டியில் வந்த எஞ்சினைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு, பிரேக்குக்கும் பெயின்ட்டுக்கும் பணம் இல்லாமல் வண்டியைப் பாதியில் விற்றவர்கள் ஏராளம். உத்தரவாதக் காலமும் எஞ்சின் ஓடாமலே கரைந்துவிடும்.

முதலில் சக்கரத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டும், ஏனெனில் மற்ற எல்லாம் அதைத் தொட்டே நிற்கின்றன. உங்கள் வண்டி 14 அங்குலச் சக்கரங்களோடு வந்திருக்கும். 13 அங்குல டிஸ்க் பொருத்த வேண்டுமென்றால் 17 அங்குலமாவது தேவை. சக்கரம் பெரிதானால் டயரின் அகலம், ஃபெண்டரில் உரசாத இடைவெளி, ஸ்டீயரிங் முழுமையாகத் திரும்பும்போது கிடைக்கும் இடம் ஆகிய அனைத்தும் மாறும். நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுவதென்றால் 11 அங்குல முன் டிஸ்க்குகளே போதும் என்பேன். காட்சிக்காகப் பெரிய டிஸ்க் போடுவது இந்த வட்டாரத்தில் ஒரு தொற்றாகிவிட்டது.

பிரேக்கைப் பொறுத்தவரை, டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரை அப்படியே வைத்துக்கொண்டு டிஸ்க்கை மட்டும் மாட்டாதீர்கள். டிரம் பிரேக்கில் குழாய்க்குள் ஏறத்தாழ 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு இருக்கும். அது டிஸ்க்கைப் பேட்களால் இறுக்கும் காலிப்பருக்குப் போகும் குழாயில் இருந்தால் பேட் எப்போதும் உரசிச் சூடாகிக்கொண்டே இருக்கும். டிஸ்க்குக்கான மாஸ்டர் சிலிண்டர், முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு, பூஸ்டர் ஆகிய மூன்றையும் ஒரே தொகுப்பாக வாங்குவது நல்லது.

இனி முன் சஸ்பென்ஷன். இந்தக் கார் வடிவமைக்கப்பட்டபோது டயர்கள் பயஸ் பிளை என்ற பழைய வகையைச் சேர்ந்தவை; உள்ளிழைகள் அவற்றில் குறுக்காக ஓடும். ஸ்டீயரிங் இலேசாகத் திரும்ப வேண்டும் என்பதற்காகக் காஸ்டர் கோணத்தை, அதாவது பக்கத்திலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவை, மிகக் குறைவாக வைத்திருந்தார்கள். அதோடு, சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்ம் பொருத்தப்பட்ட இடத்தின் காரணமாக, வளைவில் உடல் சாயும்போது வெளிச்சக்கரத்தின் மேற்பகுதியும் வெளிப்புறமாகச் சாய்ந்து டயரின் பிடி குறைகிறது. பந்தய ஓட்டுநர் டிக் கல்ஸ்ட்ரண்டின் பெயரால் வழங்கும் ஒரு மாற்றம் இதற்கு இருக்கிறது: மேல் ஆர்மின் பொருத்துமிடத்தைக் கீழே இறக்குகிறார்கள். புதிய துளைகள் மட்டுமே தேவைப்படும் மலிவான வேலை அது. நவீன ரேடியல் டயருக்கேற்ப காஸ்டரைக் கூட்டிய மேல் ஆர்ம்களையும் சேர்த்தால், முழு முன் சட்டத்தையும் மாற்றிக் கிடைக்கும் பயனில் பெரும்பகுதி மிகக் குறைந்த செலவில் கிடைத்துவிடும்.

நாலு பேரல்

நான் சற்று மாறுபடுகிறேன். 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளும் டிரான்ஸ்-ஆம் பந்தயத் தொடரில் செவர்லேக்குப் பட்டம் வாங்கித் தந்தது இதே உடலும், பின்னால் இதே லீஃப் ஸ்பிரிங்கும்தான். மார்க் டானஹ்யூ ஓட்டிய பென்ஸ்கே அணியின் கமாரோக்களைப் பார்த்துவிட்டுத்தான் நம்மில் பலரும் இந்த வண்டிக்கு ஆசைப்பட்டோம். அப்படியிருக்க, பானெட்டைத் திறந்தால் இன்றைய சரக்கு லாரியில் இருக்கும் அதே பிளாஸ்டிக் மூடி தெரிய வேண்டுமா? பழைய செவர்லே வி8 வகையான 350 கன அங்குல பிளாக் நல்லதாக ஒன்றை எடுத்து, அலுமினிய ஹெட்டும் ரோலர் கேம்ஷாஃப்ட்டும் போட்டு, கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே அமரும் எலக்ட்ரானிக் எரிபொருள் தெளிப்பானை வைத்தால், குளிர்காலக் காலையிலும் ஒரே திருகலில் உயிர்பெறும். எஞ்சின் மவுண்ட், ஆயில் பான், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எதையும் தேடி அலைய வேண்டாம். எல்லாம் அதே துளைகளில் உட்காரும்.

நெடுஞ்சாலை

பென்ஸ்கே அணியின் கார்கள் ஆலையிலிருந்து வந்த சஸ்பென்ஷனை அப்படியே வைத்துக்கொண்டு ஓடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் 350 குறித்து நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இரும்புச்சக்கரம்

அனைவருக்கும் நன்றி. எண்களைப் பார்த்துவிட்டேன், எஞ்சினும் பவர்கிளைடும் இந்த வண்டியோடு பிறந்தவையே. காந்தம் இடப்பக்கப் பின்வளைவில் ஓரங்குலம்கூடப் பிடிக்கவில்லை. எஞ்சினைப் பொறுத்தவரை என் மனம் இன்னும் எல்எஸ்3 பக்கமே சாய்கிறது. பொருத்துவதில் எங்கெங்கே இடிக்கும் என்று யாராவது விரிவாகச் சொல்ல முடியுமா?

வால்வு ஓசை

முதலில் எண்களை ஒழுங்குபடுத்திவிடுவோம். உங்கள் 307க்கு 1969இல் விளம்பரப்படுத்திய 200 குதிரைத்திறன் மொத்த அளவு. அதாவது ஏர் கிளீனர், சைலன்சர், எஞ்சின் சுற்றவைக்கும் உபபாகங்கள் எதுவும் சுமையாக இல்லாமல் மேடையில் வைத்து அளந்தது. அமெரிக்க நிறுவனங்கள் 1972 வாக்கில் நிகர அளவுக்கு மாறின. 2008 கார்வெட்டில் அறிமுகமான எல்எஸ்3 தரும் 430 குதிரைத்திறன் நிகர அளவு. எனவே இரண்டுக்கும் உள்ள இடைவெளி காகிதத்தில் தெரிவதைவிடப் பெரியது. அலுமினியப் பிளாக் என்பதால் இரும்பு எஞ்சினைவிட 100 பவுண்டுக்குமேல் எடையும் குறையும்; அந்த எடை முன்சக்கரங்களின் மேலிருந்து குறைவது ஸ்டீயரிங்கில் தெரியும். (சிலிண்டர்களின் மையங்களுக்கிடையே உள்ள 4.40 அங்குலத் தூரம் 1955இல் வந்த செவர்லேயின் முதல் ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினில் இருந்ததேதான் என்பதை நாலு பேரலின் ஆறுதலுக்காகச் சொல்லிவைக்கிறேன்.)

முதலில் இடிக்கும் இடம் ஆயில் பான். கார்வெட்டுக்காகவும் லாரிக்காகவும் செய்த பான்கள் இந்த வண்டியின் குறுக்குச் சட்டத்திலும், ஸ்டீயரிங்கின் நடு இணைப்புத் தண்டிலும் மோதும். இந்த மாற்றத்துக்கென்றே வார்த்த பான்கள் சந்தையில் இருக்கின்றன. வாங்கியபின், எஞ்சினைத் தற்காலிகமாக இறக்கி, ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பார்க்காமல் எதையும் இறுதி செய்யாதீர்கள். அடுத்து ஏசி கம்ப்ரசர். லாரி எஞ்சின்களில் கீழே தொங்கும் கம்ப்ரசர் முன் சட்டத்தில் இடிப்பதால், சிலர் சட்டத்தையே வெட்டுகிறார்கள். கம்ப்ரசரை மேலே ஏற்றும் பிராக்கெட் கிடைக்கும்போது அந்த வெட்டு தேவையற்றது.

பலரும் பொருட்படுத்தாமல் விடுவது ஹெட்டுகளிலிருந்து நீராவி வெளியேறும் சிறு குழாய். குளிர்நீர் ஓட்டத்தின் மிக உயரமான இடத்தில் காற்றுக்குமிழி தங்காமலிருக்கவே அது வைக்கப்பட்டிருக்கிறது. அதை ரேடியேட்டரின் மேற்பகுதிக்கோ விரிவுத் தொட்டிக்கோ கொண்டுபோக வேண்டும். அடைத்துவிட்டால் வெப்பமானி சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஹெட்டின் ஒரு மூலை வெந்துகொண்டிருக்கும்.

எரிபொருள் அமைப்பில் பழையதில் எதுவும் உதவாது. கார்புரேட்டருக்கு ஏழு பி.எஸ்.ஐ. போதும், இந்த எஞ்சினுக்கு 58 பி.எஸ்.ஐ. வேண்டும். அதனால் உள்ளே தடுப்புத் தகடுகளும் மூழ்கிய பம்ப்பும் கொண்ட புதிய டேங்க் வாங்குங்கள். பம்ப்பைச் சட்டத்தில் வெளியே பொருத்தினால் இரைச்சலும் இருக்கும், வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும்போது எஞ்சின் திணறவும் செய்யும்.

நெடுஞ்சாலை

கியர்பாக்ஸ் குறித்து: ஆறு கியர் டி-56 மேக்னம் அருமையான பெட்டிதான், ஆனால் அதன் உடம்பு பெரிது, முதல் தலைமுறைக் கமாரோவில் அதைச் சரியான கோணத்தில் வைக்கத் தரையின் நடுமேட்டை வெட்டி உயர்த்த வேண்டியிருக்கும். டிரெமெக் நிறுவனத்தின் ஐந்து கியர் டிகேஎக்ஸ் பழைய கார்களின் குறுகிய மேட்டுக்காகவே சிறிதாக வடிவமைக்கப்பட்டது. 600 பவுண்டு-அடி முறுக்குவிசை வரை தாங்கும் என்று நிறுவனம் மதிப்பிடுகிறது. எல்எஸ்3 தருவதோ 424 மட்டுமே.

கணக்கையும் பாருங்கள். பின் அச்சின் விகிதம் 3.73, டயரின் விட்டம் 26 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 70 மைல் வேகத்தில் நேர் கியரில் (1:1 விகிதமுள்ள நான்காவது கியர்) எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,370 சுற்றுகள் சுற்றும், 0.68 விகிதமுள்ள ஐந்தாவது கியரில் அது 2,300 ஆகக் குறையும். காதுக்கும் பெட்ரோல் செலவுக்கும் இதற்குமேல் என்ன வேண்டும்? ஆறாவது கியருக்காகத் தரையை வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பின் அச்சை மறந்துவிடாதீர்கள். 307 வண்டிகளுக்கு வந்த, மூடியின் போல்ட் எண்ணிக்கையால் பெயர்பெற்ற பத்து போல்ட் அச்சு புதிய எஞ்சினையும் அகலமான டயரையும் சேர்த்து நெடுநாள் தாங்காது. பன்னிரண்டு போல்ட் அச்சோ ஃபோர்டு ஒன்பது அங்குல அச்சோ தேவைப்படும். ஒற்றைத் தகடு ஸ்பிரிங்குகளையும் பல தகடு ஸ்பிரிங்குகளாக மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வேகமாகக் கிளப்பும்போது அச்சு முறுக்கிக்கொண்டு சக்கரம் துள்ளும்.

மின்கம்பி

என் முறை. பழைய வயரிங்கில் புதிய எஞ்சின் கணினியை ஒட்டவைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். இந்த வண்டியின் கண்ணாடி ஃபியூஸ் பெட்டி, விளக்குகளுக்கும் ஹீட்டர் விசிறிக்கும் வானொலிக்கும் என்று கணக்கிட்டுச் செய்தது. ரேடியேட்டரின் மின்விசிறிகள் தொடங்கும் கணத்தில் மட்டும் 30 ஆம்பியருக்குமேல் இழுக்கும். பெட்ரோல் பம்ப், கணினி, ஏசி ஆகியவை அதன்மேல். உடலுக்கு முழுப் புதிய வயரிங் தொகுப்பு, எஞ்சினுக்குத் தனித் தொகுப்பு, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தடித்த தனிக் கம்பி என்று மூன்றையும் பிரித்துச் செய்யுங்கள்.

இதில் மிக முக்கியமானது எர்த் இணைப்பு. பெயின்ட் அடித்த, ரப்பர் புஷ்கள் மேல் உட்கார்ந்த உடலுக்கும் சட்டத்துக்கும் எஞ்சினுக்கும் இடையே மின்னோட்டம் தானாகத் திரும்பிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மூன்றையும் பின்னல் பட்டைகளால் இணைத்து, இணைக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி உலோகத்தைக் காட்ட வேண்டும். எஞ்சின் காரணமில்லாமல் நின்றுபோகிறது, மீட்டர் முள் ஆடுகிறது என்று எழுதப்படும் புலம்பல்களில் பாதி இங்கேதான் முடிகின்றன.

எல்எஸ்3இல் ஆக்சிலரேட்டருக்குக் கம்பிக்கயிறு கிடையாது. மிதியே மின்னணுக் கருவி. அதை ஃபயர்வாலில் பொருத்தும்போது பிரேக் மிதிக்கு மிக அருகில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தகரவேலை

ஒரு வேண்டுகோள். எக்ஸாஸ்ட் குழாய் இடிக்கிறது என்பதற்காக ஸ்டீயரிங் தண்டை மாற்ற நேர்ந்தால், மோதலில் மடங்கிச் சுருங்கும் வகையையே வாங்குங்கள். 1967 முதல் இந்த வண்டிகளில் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. நவீனப்படுத்துகிறோம் என்று சொல்லி அதை எடுத்துவிட்டு நேரான இரும்புக் கம்பியைப் பற்றவைத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்த பட்டறைகளைக் கண்டிக்க வேறு சொல் தேட விரும்பவில்லை.

இரும்புச்சக்கரம்

அனைவருடைய பதில்களையும் வைத்துத் திட்டத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். முதலில் காற்றறையும் பின்வளைவும் டிக்கித் தரையும் சரியாக வேண்டும். அந்த வேலை நடக்கும்போதே 17 அங்குலச் சக்கரத்தை இரவல் வாங்கி இடைவெளியை அளந்துவிடுவேன். பிறகு பிரேக், முன் சஸ்பென்ஷன், பின் அச்சு. அதுவரை 307 எஞ்சினும் பவர்கிளைடும் உள்ளேயே இருந்து வண்டியை ஓட்டும். சஸ்பென்ஷனைச் சோதிக்க அவை தாராளமாகப் போதும். அதன்பின் டேங்க், வயரிங், இறுதியில் எஞ்சின். ஆறு கியர் ஆசையை விட்டுவிட்டேன், தரையை வெட்டப்போவதில்லை. பின் சஸ்பென்ஷனுக்கும் லீஃப் ஸ்பிரிங்கே இருக்கட்டும். இசட்/28 பட்டைகளையும் சின்னங்களையும் பெயின்ட் வேலையின்போது எடுத்துவிடுவேன்.

ஒரே ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. கழற்றிய 307ஐயும் பவர்கிளைடையும் விற்றுவிடலாமா? இடம் அடைக்கும் என்று வீட்டில் இப்போதே பேச்சு வந்துவிட்டது.

நாலு பேரல்

விற்றால் கிடைக்கும் பணம் ஒரு ஜோடி டயருக்குக்கூடக் காணாது. 307ஐ விரும்பித் தேடுபவர்கள் யாரும் இல்லை. நானே வாங்க மாட்டேன்.

பழைய ஏடு

பொதுச் சந்தையில் அதற்கு மதிப்பில்லை என்பது உண்மைதான். ஆனால் இந்த ஒரே வண்டிக்கு அந்த பிளாக்குக்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் பொறிப்பு ஒத்துப்போகிறது என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். நீங்கள் தரையையும் சட்டத்தையும் வெட்டாமல் விடுவதால், நாளை வாங்குபவர் விரும்பினால் வண்டியைப் பிறந்தபடி மீட்க முடியும். எஞ்சின் இல்லாமல் போனால் அந்த வழி அடைபட்டுவிடும். எண்ணெயை வடித்து, சிலிண்டர்களுக்குள் துருத்தடுப்பு எண்ணெய் தெளித்து, துளைகளை மூடி, எஞ்சின் ஸ்டாண்டில் ஏற்றிச் சுவரோரம் தள்ளிவையுங்கள். பொறித்த எண்ணைக் கம்பி பிரஷால் தேய்க்கக் கூடாது. அதைப் புகைப்படம் எடுத்து வாகனப் பதிவுத் தாள்களோடு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மிகவும் நெருக்கினால் பவர்கிளைடை விட்டுக்கொடுக்கலாம், பிளாக்கை மட்டும் விடாதீர்கள்.